அறிவிப்பு அனுப்பியாச்சு, புரிஞ்சுதா? வேலையின்மை உதவித்தொகையும் மொழியும்: கேலிஃபோர்னியாவின் 50 வருஷக் கதை

ஒருத்தருக்கு வேலை போயிடுச்சு. அரசாங்கத்துக்கிட்ட உதவித்தொகை கேட்கணும். அதுக்கு ஒரு படிவம் உண்டு, ஆனா அது அவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில இருக்கு. யாரையோ கேட்டு நிரப்பி அனுப்புகிறார். சில வாரம் கழிச்சு ஒரு கடிதம் வருது. அதுவும் அதே மொழி. உதவித்தொகை கிடையாது, ஆட்சேபம் இருந்தா இத்தனை நாளைக்குள்ள மேல்முறையீடு செய்யுங்கள் என்று அதில் இருக்கிறது. அவருக்கு விஷயம் புரியும்போது கெடு முடிஞ்சு போச்சு.

இது யாருடைய பொறுப்பு? கடிதம் அனுப்பிய அரசாங்கத்தின் பொறுப்பா, மொழி தெரியாதவருடைய பொறுப்பா?

இந்தக் கேள்வியை அமெரிக்க நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் 50 வருஷமாகக் கையாண்டு வருகின்றன. அதில் கேலிஃபோர்னியாவின் கதை முக்கியமானது. நான் தொழிலில் மென்பொருள்காரன். ஒரே செயலியைப் பல மொழிகளில் கொண்டுவரும் வேலையில் சில வருஷம் இருந்திருக்கிறேன். அந்த ஆர்வத்தில்தான் இந்த வழக்குகளைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, இது மொழிபெயர்ப்பு பற்றிய பிரச்சினை மட்டும் இல்லை என்று தெரிந்தது.

முதலில், இந்தத் திட்டம் எப்படி இயங்குகிறது?

அமெரிக்காவில் வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலம் விஸ்கான்சின், 1932-ல். 1935-ல் ரூஸ்வெல்ட் காலத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. முதலாளிகள் செலுத்தும் வரியிலிருந்து உதவித்தொகை வருகிறது. திட்டத்தை நடத்துவது மாநிலங்கள். ஆனால் அலுவலகம், ஊழியர் போன்ற நிர்வாகச் செலவுக்குப் பணம் மத்திய அரசிடமிருந்து வருகிறது. இந்தக் கடைசித் தகவலைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆரம்பத்தில் விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்பவர்களும் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். பெரிய பண்ணைகளில் வேலை செய்பவர்களை மத்தியச் சட்டம் சேர்த்துக்கொண்டதே 1976-ல் வந்த திருத்தத்தால்தான், அது 1978-ல் நடைமுறைக்கு வந்தது. கேலிஃபோர்னியா வயல்களில் ஸ்பானிஷ் மட்டும் பேசிய பெரும் கூட்டத்துக்கு நீண்ட காலம் இந்தக் கதவே திறக்கவில்லை. மொழிக் கேள்வி நாற்பது வருஷம் பெரிதாக எழாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, ஒருவர் உள்ளே வந்துவிட்டார். அதோடு முடிவதில்லை. கேலிஃபோர்னியாவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சில கேள்விகளுக்கு 'ஆமாம்', 'இல்லை' என்று பதில் சொல்லிச் சான்றளிக்க வேண்டும். அதில் ஒரு கேள்வி ஏறக்குறைய இப்படி: உடல்நலக் குறைவு தவிர வேறு ஏதாவது காரணத்தால், வேலை நாட்களில் முழுநேர வேலையை உங்களால் ஏற்றுக்கொள்ள முடியாத நிலை இருந்ததா?

தமிழிலேயே இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கிறது இல்லையா? வேலைக்குத் தயாராக இருப்பவர் இதற்கு 'இல்லை' என்று சொல்ல வேண்டும். 'முழுநேர வேலை', 'ஏற்றுக்கொள்ள' என்ற இரண்டு சொல் மட்டும் புரிந்த ஒருவர் "ஆமாம், ஏத்துக்குவேன்" என்று நினைத்து 'ஆமாம்' என்று குறிப்பார். பணம் நின்றுவிடும். அடுத்த கேள்வி, வேலை தேடினீர்களா என்பது. அதற்கு 'ஆமாம்'தான் சரியான பதில். ஆக, எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைக் குறித்துவிட்டுப் போகவும் முடியாது.

இன்னொன்று, வேலையை விட்டதற்கான காரணம். தானாக விலகினாரா, ஆட்குறைப்பா, தவறு செய்ததால் நீக்கமா என்பதைப் பொறுத்துத்தான் தகுதி. இதை நம்ம பேச்சுத் தமிழை வைத்தே யோசித்துப் பாருங்கள். "அந்தக் கம்பெனியிலிருந்து நின்னுட்டேன்" என்று ஒருவர் சொன்னால், அவராக விலகினாரா, வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களா? இரண்டுக்கும் நாம் அப்படித்தான் சொல்கிறோம். "நின்னுட்டேன்" என்பதற்கும் "நிறுத்திட்டாங்க" என்பதற்கும் நடுவில்தான் பல மாத உதவித்தொகை இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரோ பத்து வயசுப் பிள்ளையோ அவசரத்தில் மொழிபெயர்த்தால் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது.

தப்பான பதிலின் விலை தொகை கிடைக்காமல் போவது மட்டும் இல்லை. பணம் கொடுத்த பிறகு தகுதி இல்லை என்று முடிவானால் திருப்பிக் கேட்பார்கள். வேண்டுமென்றே பொய் சொன்னதாக முடிவு செய்தால் கேலிஃபோர்னியாவில் அதற்கு மேல் 30 சதவீதம் அபராதம். மேல்முறையீட்டுக்குக் கெடு 30 நாள். அந்த 30 நாள், கடிதத்தை அஞ்சலில் போட்ட தேதியிலிருந்து ஓடுகிறது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டலாம், ஆனால் அதைக் காட்டவும் அதே மொழி வேண்டும்.

இப்போது வழக்குகளுக்கு வருவோம்.

1970-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கோல்ட்பர்க் எதிர் கெல்லி வழக்கில் ஒரு பெரிய தீர்ப்பைச் சொன்னது. அரசு நல உதவியை நிறுத்துவதற்கு முன்னாலேயே அறிவிப்பும் விசாரணையும் தர வேண்டும், அது அரசியல் சாசன உரிமை என்றது. 1971-ல் ஜாவா வழக்கு. இதில் எதிர்த்தரப்பு கேலிஃபோர்னியாவின் வேலையின்மைக் காப்பீட்டுத் துறையே. தகுதி உண்டு என்று முடிவான பிறகு, முதலாளி மேல்முறையீடு செய்தார் என்பதற்காகத் தொகையை நிறுத்தி வைக்கக் கூடாது, உரிய காலத்தில் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. உதவித்தொகை வாங்குபவர்களின் உரிமை வேகமாக வளர்ந்த காலம் இது.

அடுத்த இயல்பான படி என்ன? அறிவிப்பு என் உரிமை என்றால், அது எனக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டாமா? இதைத்தான் கார்மோனா எதிர் ஷெஃபீல்ட் வழக்கில் ஸ்பானிஷ் பேசும் விண்ணப்பதாரர்கள் கேட்டார்கள். கேலிஃபோர்னியாவின் வேலையின்மைக் காப்பீட்டுத் துறை தன் காரியங்களை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதால், ஸ்பானிஷ் மட்டும் தெரிந்த எங்களுக்கு உரிய சட்ட நடைமுறையும் சமத்துவமும் மறுக்கப்படுகிறது என்பது வாதம்.

1973-ல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிராகரித்தது. தீர்ப்பு ரொம்பச் சின்னது. சாரம் இதுதான்: இந்தக் கோரிக்கையின் வீச்சு மலைக்க வைக்கிறது, அந்த அளவே அதற்கு மறுப்பு. ஸ்பானிஷுக்குக் கொடுத்தால் மற்ற மொழிகளுக்கும் கொடுக்க வேண்டி வரும். ஆங்கிலத்தில் மட்டும் செயல்படுவது என்று மாநிலம் முடிவு செய்ததற்கு நியாயமான அடிப்படை உண்டு.

அதே 1973-ல் கேலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் கெரேரோ எதிர் கார்ல்சன் வழக்கு. இது குடும்ப நல உதவித்தொகை பற்றியது. தொகையைக் குறைப்பதாகவும் நிறுத்துவதாகவும் ஆங்கிலத்தில் கடிதம் போனது. வாங்கியவர்களுக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் படிக்கத் தெரியும். நீதிமன்றம், அரசிடமிருந்து கடிதம் வந்தால் விவேகமுள்ள எவரும் யாரையாவது தேடிப் போய்ப் படிக்கச் சொல்லித் தெரிந்துகொள்வார், ஆகவே ஆங்கில அறிவிப்பே போதும் என்றது.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் நான் ஏளனமாகப் பார்க்கவில்லை. "எங்கே போய் நிறுத்துவது?" என்ற கேள்வி நியாயமானது. நூற்றுக்கணக்கான மொழி பேசும் மாநிலத்தில் எல்லாப் படிவத்தையும் எல்லா மொழியிலும் அச்சடிக்க முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொழிபெயர்ப்புச் செலவை நீதிமன்றம் இல்லாமல் ஆக்கவில்லை. அந்தச் செலவு அரசிடமிருந்து விண்ணப்பதாரருக்குக் கைமாறியது. "யாரையாவது தேடிப் போய்" என்பதில் அந்த 'யாரையாவது' யார்? பள்ளிக்குப் போகாமல் அம்மாவோடு அலுவலகத்துக்கு வந்த பிள்ளை. காசு வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பும் தரகர். அவர்கள் தப்பு செய்தால் பழியும் விண்ணப்பதாரர் தலையில்தான்.

அதே 1973-லேயே எதிர்த்திசையில் இன்னொன்றும் நடந்தது. நீதிமன்றம் முடியாது என்றதை கேலிஃபோர்னியா சட்டமன்றம் செய்தது. டைமலி-அலதோரே இருமொழிச் சேவைச் சட்டம். மெர்வின் டைமலி ட்ரினிடாடில் பிறந்து அமெரிக்கா வந்தவர், அப்போது மாநில மேலவை உறுப்பினர். ரிச்சர்ட் அலதோரே லாஸ் ஏஞ்சலஸின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த கீழவை உறுப்பினர். மக்கள் அரசோடு பேச முடியாவிட்டால் ஜனநாயகம் நடக்காது என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை.

"எங்கே நிறுத்துவது" என்பதற்கு அந்தச் சட்டம் ஒரு எண்ணைச் சொன்னது. மாநிலத் துறையின் ஒரு கிளை அலுவலகத்துக்கு வருபவர்களில் 5 சதவீதம் பேர் ஆங்கிலம் தெரியாத ஒரு மொழிக் குழுவினராக இருந்தால், அந்த மொழி தெரிந்த ஊழியர்களும் மொழிபெயர்த்த படிவங்களும் இருக்க வேண்டும். நீதிபதிகளை மலைக்க வைத்த கோரிக்கை, ஒரு சதவீதக் கணக்காக மாறிவிட்டது. எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்ற இடத்திலிருந்து அளவிடக்கூடிய இடத்துக்கு வந்தது பெரிய முன்னேற்றம்.

ஆனால் நடைமுறை? மாநிலத் தணிக்கையாளர் 1999-லும் 2010-லும் இந்தச் சட்டத்தைப் பற்றி அறிக்கை கொடுத்தார். இரண்டிலும், மாநிலத் துறைகள் சட்டத்தை முழுசாகப் பின்பற்றவில்லை என்றே வந்தது. சட்டம் வந்து முப்பத்தேழு வருஷம் கழித்தும் அதே கதை.

அந்த 5 சதவீதத்திலேயே ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. எண்ணுவது யாரை? அலுவலகத்துக்கு வருபவர்களை. தன் மொழியில் பேச ஆள் இல்லாத அலுவலகத்துக்கு ஒருவர் எத்தனை தடவை வருவார்? வரவில்லை என்றால் கணக்கில் வரமாட்டார். கணக்கில் வராததால் ஆள் போடமாட்டார்கள். ஆள் இல்லாததால் வரமாட்டார். எங்கள் தொழிலிலும் இதை அடிக்கடி பார்க்கலாம். "தமிழ் இடைமுகத்தை யாரும் பயன்படுத்தறதில்லை, எதுக்குச் செலவு?" என்று கேட்பார்கள். அது பாதி வேலை செய்யாமல் கிடப்பதால்தான் பயன்படுத்துவதில்லை என்பதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கும்.

இனி, நான் ஞாபகத்தில் வைக்கச் சொன்ன மத்திய அரசுப் பணம். 1964 குடியுரிமைச் சட்டத்தின் ஆறாம் பகுதி, மத்திய நிதி பெறும் எந்தத் திட்டத்திலும் இனம், நிறம், தேசிய மூலம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. அதில் மொழி என்ற சொல்லே இல்லை. 1974-ல் லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கு அதை மாற்றியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீன மாணவர்கள் சுமார் 1,800 பேருக்குத் தனி உதவி எதுவும் இல்லாமல் ஆங்கிலத்திலேயே பாடம் நடந்தது. எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் என்பதாலேயே சமத்துவம் வந்துவிடாது என்றது உச்ச நீதிமன்றம். தீர்ப்பின் அடிப்படை அரசியல் சாசனம் இல்லை, இந்த ஆறாம் பகுதி. மத்தியப் பணத்தில் நடக்கும் திட்டத்தில் மொழியால் மக்களை வெளியே நிறுத்துவது தேசிய மூலப் பாகுபாடு ஆகலாம் என்ற வழி திறந்தது.

கார்மோனா வழக்கில் சாசனத்தின் வழியாக மூடிய கதவு, அடுத்த வருஷமே நிதிச் சட்டத்தின் வழியாக ஒருக்களித்துத் திறந்தது. வேலையின்மைக் காப்பீட்டு அலுவலகமும் மத்தியப் பணத்தில்தானே நடக்கிறது!

ஆனாலும் 2000 ஆகஸ்டில்தான் கிளின்டன் 13166 என்ற எண்ணுள்ள நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவர்கள் அரசுத் திட்டங்களை உருப்படியாகப் பயன்படுத்த வழிசெய்ய வேண்டும் என்பது அது. தொடர்ந்து வந்த வழிகாட்டுதல்கள் நான்கு அளவுகோல்களை வைத்தன. அந்த மொழிக்காரர்கள் எத்தனை பேர், எத்தனை தடவை வருகிறார்கள், அந்தச் சேவை அவர்கள் வாழ்க்கைக்கு எவ்வளவு முக்கியம், நிர்வாகத்திடம் எவ்வளவு வசதி இருக்கிறது. இதில் மூன்றாவதுதான் புதுசு. பூங்கா நேரத்தைச் சொல்லும் துண்டுத்தாளும் உதவித்தொகையை நிறுத்தும் கடிதமும் ஒன்றில்லை என்று அது ஒப்புக்கொள்கிறது.

2001-ல் ஒரு பின்னடைவு. அலபாமா மாநிலம் ஓட்டுநர் உரிமத் தேர்வை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தியது பற்றிய சாண்டோவால் வழக்கில், பாகுபாடு விளைவாக வந்தால் மட்டும் போதாது, உள்நோக்கம் இருந்தால்தான் தனிநபர்கள் ஆறாம் பகுதியின் கீழ் வழக்குப் போட முடியும் என்றது உச்ச நீதிமன்றம். அதன் பிறகு பாதிக்கப்பட்டவர் செய்யக்கூடியது பெரும்பாலும் மத்தியத் துறையிடம் புகார் கொடுப்பதுதான்.

இதற்கிடையில் வேலையின்மைக் காப்பீடே உருமாறிவிட்டது. 1990-களில் நேரடி அலுவலகம் போய் தொலைபேசி வந்தது. பிறகு இணையம். செலவு குறைந்தது, வரிசை குறைந்தது, ஆனால் கவுண்டரில் "அக்கா, ஸ்பானிஷ் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்கும் வழியும் போய்விட்டது. ஃப்ளோரிடா 2011-ல் இணையத்தில் மட்டுமே விண்ணப்பிக்க வேண்டும், கூடவே 45 கேள்வி கொண்ட ஒரு திறன் மதிப்பீட்டையும் முடிக்க வேண்டும் என்று விதி செய்தது. மயாமியின் ஒரு தொழிலாளர் அமைப்பு புகார் கொடுத்தது. 2013-ல் மத்தியத் தொழிலாளர் துறையின் குடியுரிமைப் பிரிவு, ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் எதிராக இது பாகுபாடு காட்டுகிறது என்று முடிவு சொன்னது.

இதே துறையின் 2016-ம் வருஷ விதிகளில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. அதன் பெயர் 'பாபேல் அறிவிப்பு'. பைபிளில் மொழிகள் குழம்பிப்போன அந்தக் கோபுரத்தின் பெயர்தான். முக்கியமான ஒவ்வொரு ஆவணத்திலும், இது முக்கியமான தகவல், உங்கள் மொழியில் உதவி கிடைக்கும் என்று பல மொழிகளில் ஒரு சின்னக் குறிப்பு சேர்க்க வேண்டும். கடிதம் முழுசையும் மொழிபெயர்க்க வேண்டாம். கடிதத்தைக் குப்பையில் போடாமல் இருக்க எது போதுமோ அதை மட்டும் மொழிபெயர்த்தால் போதும். 1973-ல் நீதிபதிகள் மலைத்த கேள்விக்கு, 43 வருஷம் கழித்து இரண்டு வரியில் ஒரு பதில். இதற்கு ஆகும் செலவு கொஞ்சம் மையும் காகிதமும், பிறகு ஒரு தொலைபேசி எண்ணும் அந்தப் பக்கம் ஒரு மொழிபெயர்ப்பாளரும்.

அந்த மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா என்பதை 2020 காட்டியது. மார்ச் கடைசியில் ஒரே வாரத்தில் நாடு முழுக்க 60 லட்சத்துக்கும் மேலானவர்கள் புதிதாக விண்ணப்பித்தார்கள். கேலிஃபோர்னியாவில் வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுபவர்கள் நூற்றுக்கு 40 பேருக்கு மேல். சமையல்கூடம், நக அலங்காரக் கடை, ஹோட்டல் சுத்தம் செய்யும் வேலை என்று முதலில் மூடிய தொழில்களில் இவர்கள் நிறைய. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே தொலைபேசி இணைப்பு கிடைக்காத நேரம் அது. சாக்ரமெண்டோவின் தொழிலாளர் உரிமை மையம் மொழி வசதி பற்றிப் புகார் கொடுத்தது. 2022-ல் துறை சமரச ஒப்பந்தத்துக்கு வந்தது. எந்த மொழி பேசினாலும் வாய்மொழி உதவி, அதிகம் பேசப்படும் மொழிகளில் முக்கிய ஆவணங்கள் என்று ஒப்புக்கொண்டது. கார்மோனா கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

"இப்போதான் கணினியே மொழிபெயர்க்குதே, இனி என்ன கவலை?" என்று நண்பர்கள் கேட்பார்கள். 2021 ஜனவரியில் வர்ஜீனியா மாநில சுகாதாரத் துறையின் இணையதளத்தில், தடுப்பூசி கட்டாயமில்லை என்ற வரி இயந்திர மொழிபெயர்ப்பில் ஸ்பானிஷில் 'தேவையில்லை' என்ற பொருளில் வந்தது. கட்டாயமில்லை, தேவையில்லை. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று தமிழ் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். இயந்திரம் முதல் வரைவு போடட்டும், ஆனால் பணமும் அபராதமும் தொங்கும் கேள்வியை மொழி தெரிந்த மனிதர் ஒருவர் பார்த்தாக வேண்டும். அது தப்பாகப் போனால் கெடு யாருக்கு ஓடும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

2025 மார்ச் 1-ம் தேதி ட்ரம்ப் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக அறிவித்து 14224 என்ற ஆணையில் கையெழுத்திட்டார். கிளின்டனின் 13166 அதோடு ரத்து. ஆனால் 1964 சட்டத்தை ஓர் ஆணையால் ரத்து செய்ய முடியாது. கேலிஃபோர்னியாவின் 1973 சட்டமும் மாநிலத்தின் சொந்தச் சட்டம். ஆக, ஆணை போனாலும் கேள்வி போகவில்லை.

இந்த வரலாற்றில் நான் பார்ப்பது இதுதான். எல்லா மொழியிலும் எல்லாம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நீதிமன்றம்தான் கோரிக்கையை அவ்வளவு பெரிதாக்கி, பெரிது என்பதாலேயே தள்ளியது. அதற்குப் பிறகு வந்த 5 சதவீதம், நான்கு அளவுகோல், பாபேல் அறிவிப்பு எல்லாமே அந்த மலைப்பைக் கையாளக்கூடிய துண்டுகளாக வெட்டிய முயற்சிகள். எல்லாமே சாத்தியம் என்று ஆகிவிட்டது, அப்படியும் ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி புகார் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. கடிதம் அஞ்சலில் போன அன்றே கடிகாரம் ஓடத் தொடங்கும் வரை, அது புரிந்ததா என்று பார்ப்பதற்கு அனுப்பியவருக்கு எந்த அவசரமும் இருக்காது.